ஸ்ப்ரிண்ட் முடிகிறது, வேலை முடிவதில்லை: ஸ்க்ரம் எங்கே சிக்குகிறது?

கேள்வி: "எங்கள் அணியில் ஐந்து டெவலப்பர்கள், ஒரு டெஸ்டர். இரண்டு வார ஸ்ப்ரிண்ட். தினமும் ஸ்டாண்டப், ஸ்டோரி பாயிண்ட், ஜிரா போர்டு, ரெட்ரோ எல்லாமே இருக்கின்றன. ஆனாலும் ஒவ்வொரு ஸ்ப்ரிண்டிலும் பாதி ஸ்டோரிகள் அடுத்த ஸ்ப்ரிண்டுக்குத் தள்ளிப்போகின்றன. அஜைல், ஸ்க்ரம், கன்பான் மூன்றுக்கும் என்ன வேறுபாடு? நாங்கள் எங்கே தவறுகிறோம்?"

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம். ஸ்ப்ரிண்ட் என்பது எடுத்த வேலையை முடிக்க அணி வைத்துக்கொள்ளும் நிலையான காலச் சுற்று; ஸ்டோரி (யூசர் ஸ்டோரி) பயனர் நோக்கில் எழுதிய ஒரு வேலை; ஸ்டோரி பாயிண்ட் அதன் அளவை மதிப்பிடும் எண்; ஜிரா போர்டு வேலைகளைக் கார்டுகளாகக் காட்டும் மென்பொருள் பலகை; ஸ்டாண்டப் தினசரிச் சிறு கூட்டம்; ரெட்ரோ ஸ்ப்ரிண்ட் முடிவில் வேலைமுறையைத் திரும்பிப் பார்க்கும் கூட்டம். எது கட்டாயம், எது வழக்கத்தில் ஒட்டிக்கொண்டது என்று தெரிந்தால்தான் எதைத் தைரியமாக மாற்றலாம் என்பது புரியும்.

அஜைல் என்பது ஒரு செயல்முறையின் பெயர் கிடையாது. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் என்ற இடத்தில் 17 பேர் கூடி ஓர் அறிக்கை எழுதினார்கள். அதில் 4 விழுமியங்கள், அதையொட்டி 12 கோட்பாடுகள். ஸ்ப்ரிண்ட், ஸ்டாண்டப், பாயிண்ட் எதுவும் அதில் இல்லை. உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பொருந்தும் கோட்பாடு ஒன்று இருக்கிறது: இயங்கும் மென்பொருள்தான் முன்னேற்றத்தின் முதன்மையான அளவுகோல். 90 சதவீதம் முடிந்த ஸ்டோரிக்கு இந்த அளவுகோலில் மதிப்பு பூஜ்யம்.

ஸ்க்ரம் அந்த அறிக்கையைவிடப் பழையது. கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லேண்டும் 1995-இல் ஒரு மாநாட்டில் அதை முன்வைத்தார்கள். ரக்பி ஆட்டத்திலிருந்து வந்த அந்தப் பெயருக்கு மூலம், டாகேயுச்சியும் நோனாகாவும் 1986-இல் புதிய பொருள் உருவாக்கம் பற்றி எழுதிய கட்டுரை. ஸ்க்ரமின் அதிகாரபூர்வ வழிகாட்டி 2010-இல் முதலில் வெளிவந்து, பலமுறை திருத்தப்பட்டு, 2020-இல் இன்றைய வடிவத்துக்கு வந்தது. பதினைந்து பக்கத்துக்குள் முடிந்துவிடும். அணியில் உள்ள எல்லோரும் ஒருமுறையாவது முழுதாகப் படித்துவிடுங்கள். பாதி வாக்குவாதம் அதோடு தீர்ந்துவிடும்.

அந்த வழிகாட்டியில் ஸ்டோரி பாயிண்ட் இல்லை, யூசர் ஸ்டோரி இல்லை, வெலாசிட்டி (ஒரு ஸ்ப்ரிண்டில் முடிந்த பாயிண்டுகளின் கூட்டுத்தொகை) இல்லை, பிளானிங் போக்கர் (சீட்டுகளைக் காட்டிப் பாயிண்ட் மதிப்பிடும் முறை) இல்லை. யூசர் ஸ்டோரி கென்ட் பெக் முன்னெடுத்த எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற மற்றோர் அஜைல் முறையிலிருந்து வந்தது. இவையெல்லாம் உதவினால் வைத்துக்கொள்ளலாம், உதவாவிட்டால் விட்டுவிடலாம். ஸ்க்ரம் கேட்பது மூன்று பொறுப்புகள் (எதை முதலில் செய்வது என்று முடிவு செய்யும் புராடக்ட் ஓனர், தடைகளை அகற்ற வழி செய்யும் ஸ்க்ரம் மாஸ்டர், டெவலப்பர்கள்), ஐந்து நிகழ்வுகள் (ஸ்ப்ரிண்ட், ஸ்ப்ரிண்ட் பிளானிங், டெய்லி ஸ்க்ரம், ஸ்ப்ரிண்ட் ரிவ்யூ, ரெட்ரோ), மூன்று படைப்புகள் (புராடக்ட் பேக்லாக், ஸ்ப்ரிண்ட் பேக்லாக், இன்க்ரிமென்ட்), அவ்வளவுதான். டெஸ்டரும் டிசைனரும்கூட ஸ்க்ரம் கணக்கில் டெவலப்பர்களே. மொத்த அணி பொதுவாகப் பத்து பேர் அல்லது அதற்குக் குறைவு.

கன்பான் வேறு கோணம். அதில் ஸ்ப்ரிண்ட் தேவையில்லை. வேலை எந்தெந்தக் கட்டங்களைக் கடந்து போகிறது என்பதைப் போர்டில் காட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே சமயத்தில் எத்தனை கார்டு இருக்கலாம் என்று வரம்பு வைப்பதுதான் அதன் உயிர். இதை ஸ்க்ரமுக்கு உள்ளேயே பயன்படுத்தலாம். உங்கள் அணிக்கு அதுதான் முதல் மருந்து.

எட்டாம் நாள் காலையில் போர்டைப் பாருங்கள்

உங்கள் அணியின் அளவில் ஒரு கணக்கு போடுவோம். 12 ஸ்டோரி எடுத்து ஸ்ப்ரிண்ட் தொடங்குகிறது. முதல் நாளே ஐந்து டெவலப்பர்களும் ஆளுக்கொரு ஸ்டோரியைத் தம் பெயரில் போட்டுக்கொள்கிறார்கள். நான்காம் நாள் வரை டெஸ்டருக்குச் சோதிக்க எதுவும் இல்லை. ஐந்தாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள் ஐந்து ஸ்டோரியும் ஒன்றன்பின் ஒன்றாக டெஸ்டிங் பக்கம் வந்து விழுகின்றன. டெவலப்பர்கள் சும்மா இருக்கக்கூடாதென்று அடுத்த ஐந்தை எடுக்கிறார்கள். எட்டாம் நாள் காலையில் போர்டில் இப்படி இருக்கும்: முடிந்தவை 2, டெஸ்டிங்கில் 4, கோடிங்கில் 4, தொடாதவை 2. டெஸ்டர் ஒருவர், பக் கண்டுபிடித்து, திருத்தம் வந்து, மறுபடி சோதித்து முடிக்க ஒரு ஸ்டோரிக்கு ஏறத்தாழ ஒரு நாள். மீதி மூன்று நாளில் மூன்று முடியும். ஆக 12-இல் 5.

இதில் யாரும் சோம்பேறியாக இல்லை. எல்லோரும் முழுநேரமும் வேலை செய்திருக்கிறார்கள். கோளாறு ஆட்களிடம் இல்லை; ஒரே நேரத்தில் திறந்து வைத்த வேலையின் எண்ணிக்கையில் இருக்கிறது.

இதைக் கணக்காகவே பார்க்கலாம். வரிசைக் கோட்பாட்டில் லிட்டில் விதி என்று ஒன்று உண்டு: ஒரு வேலை உள்ளே நுழைந்து வெளியே வர ஆகும் சராசரி நேரம் என்பது, உள்ளே இருக்கும் வேலைகளின் சராசரி எண்ணிக்கையை, ஒரு நாளில் முடியும் எண்ணிக்கையால் வகுத்தது. மேலே சொன்ன அணியில் உள்ளே இருப்பவை 8. பத்து நாளில் முடிவது 5, அதாவது நாளுக்கு 0.5. எட்டை அரையால் வகுத்தால் 16 நாள். ஸ்ப்ரிண்டே 10 வேலை நாள்தான்! அந்த ஓட்டத்தில் தள்ளிப்போகாமல் இருந்தால்தான் ஆச்சரியம். உள்ளே இருப்பதை 4 ஆக்கி, முடியும் வேகம் அப்படியே இருந்தால் 8 நாள். எல்லாம் சராசரிக் கணக்குதான், ஓட்டம் ஓரளவு சீராக இருக்கும் அணிக்குத்தான் பொருந்தும். ஆனாலும் எங்கே கைவைக்க வேண்டும் என்று இது தெளிவாகக் காட்டுகிறது.

செய்ய வேண்டியது: கோடிங்கில் அதிகபட்சம் 3, டெஸ்டிங்கில் அதிகபட்சம் 2 என்று போர்டிலேயே எழுதி வையுங்கள். டெஸ்டிங் நிறைந்திருந்தால் யாரும் புதிய ஸ்டோரி தொடக்கூடாது. கை ஓய்ந்த டெவலப்பர் அங்கே போய் உதவ வேண்டும்: தான் எழுதாத ஸ்டோரியைச் சோதிக்கலாம், தானியங்கி டெஸ்ட் எழுதலாம், டெஸ்ட் டேட்டா தயார் செய்யலாம், காத்திருக்கும் கோட் ரிவ்யூவை முடிக்கலாம். ஐந்து டெவலப்பருக்கு மூன்று ஸ்டோரி என்றால் சிலர் ஜோடியாகத்தான் வேலை செய்தாக வேண்டும். முதல் வாரம் இது எல்லோருக்கும் உறுத்தும், "நான் சும்மா நிற்கிறேன்" என்ற எண்ணம் வரும். அந்த உறுத்தல்தான் எங்கே அடைப்பு என்று காட்டும் விளக்கு. வரம்பைத் தளர்த்தி அதை அணைத்துவிடாதீர்கள்.

ஸ்டோரியைக் குறுக்கே வெட்டாமல் மேலிருந்து கீழாக வெட்டுங்கள்

வரம்பு வைத்தும் வேலை நகரவில்லை என்றால் ஸ்டோரி பெரிதாக இருக்கிறது என்று பொருள். இரண்டு வார ஸ்ப்ரிண்டில் ஒரு ஸ்டோரி தொடங்கி, சோதனை உட்பட முடிய மூன்று நாளுக்கு மேல் ஆகக்கூடாது என்பது நல்ல கைக்கணக்கு.

பெரிய ஸ்டோரியை உடைக்கச் சொன்னால் பெரும்பாலான அணிகள் அடுக்கு அடுக்காக உடைக்கின்றன. "கடவுச்சொல் மறந்தவர் புதிதாக அமைத்துக்கொள்ளும் வசதி" என்று எடுத்துக்கொள்ளுங்கள். டேட்டாபேஸ் டேபிள் ஒரு கார்டு, ஏபிஐ (திரையும் சர்வரும் தகவல் பரிமாறும் வழி) ஒரு கார்டு, திரை ஒரு கார்டு, டெஸ்டிங் ஒரு கார்டு என்று நான்காகப் போடுவார்கள். நான்கும் முடியும்வரை பயனருக்கு எதுவும் கிடையாது. மூன்று முடிந்து ஒன்று நின்றால் ஸ்ப்ரிண்டின் விளைவு பூஜ்யம்.

இப்படி வெட்டிப் பாருங்கள். முதல் துண்டு: பதிவு செய்த மின்னஞ்சலைக் கொடுத்தால் ஓர் இணைப்பு வரும், அதை அழுத்திப் புதிய கடவுச்சொல் வைக்கலாம். இரண்டாம் துண்டு: அந்த இணைப்பு ஒருமுறைதான் செல்லும், 30 நிமிடத்தில் காலாவதியாகும். மூன்றாம் துண்டு: பதிவில் இல்லாத மின்னஞ்சலைக் கொடுத்தாலும் திரையில் அதே பதில்தான் வரும், யாருக்குக் கணக்கு இருக்கிறது என்று வெளியாள் மோப்பம் பிடிக்கக்கூடாது. நான்காம் துண்டு: ஒரே மின்னஞ்சலுக்குத் திரும்பத் திரும்பக் கேட்டால் தடுப்பது. ஒவ்வொரு துண்டும் டேபிள் முதல் திரை வரை மெல்லியதாக ஊடுருவிப் போகிறது. ஒவ்வொன்றையும் தனியாகச் சோதிக்கலாம், புராடக்ட் ஓனருக்குக் காட்டலாம். முதல் துண்டு மட்டும் முடிந்த நிலையில் பாதுகாப்பு போதாது. அதனால் அதை ஃபீச்சர் ஃப்ளாகுக்கு (வசதியைப் பயனருக்குத் தெரியாமல் மூடி வைக்கும் சுவிட்ச்) பின்னால் மெர்ஜ் செய்து (முதன்மைக் கோடோடு இணைத்து) வைத்து, மற்ற மூன்றும் வந்த பிறகு பயனருக்குத் திறந்துவிடுங்கள். மெர்ஜ் செய்வதும் பயனருக்குத் திறப்பதும் தனித்தனி முடிவுகள். இந்தப் பிரிவினை கைவந்துவிட்டால் சிறிய ஸ்டோரிகளைக் கண்டு அஞ்சத் தேவையில்லை.

முடிந்தது என்றால் எது முடிந்தது?

ஸ்க்ரம் கேட்கும் மூன்று படைப்புகளுக்கும் ஒவ்வொரு வாக்குறுதி உண்டு. புராடக்ட் பேக்லாகுக்கு (செய்ய வேண்டிய எல்லா வேலைகளின் முன்னுரிமைப் பட்டியல்) புராடக்ட் கோல், ஸ்ப்ரிண்ட் பேக்லாகுக்கு (அதிலிருந்து இந்த ஸ்ப்ரிண்டுக்கு எடுத்தவை) ஸ்ப்ரிண்ட் கோல், இன்க்ரிமென்ட்டுக்கு (முடிந்து பயன்படுத்தத் தக்க நிலையில் உள்ள மென்பொருள்) டெஃபினிஷன் ஆஃப் டன், அதாவது எதை முடிந்தது என்று சொல்லலாம் என்ற வரையறை. மூன்றில் கடைசிதான் அடித்தளம் என்பேன். அது தளர்வாக இருந்தால் மேலே உள்ள எல்லா எண்களும் பொய்யாகிவிடும்.

தொடங்க ஏற்ற அளவு இது: கோடை எழுதாத ஒருவர் ரிவ்யூ செய்திருக்க வேண்டும், முதன்மைக் கிளையில் மெர்ஜ் ஆகி, தானியங்கி டெஸ்ட்கள் எல்லாம் அங்கே தேறியிருக்க வேண்டும், ஸ்டேஜிங்கில் (வெளியிடும் முன் ஒத்திகை பார்க்கும் சர்வர்) ஓட வேண்டும், ஏற்பு நிபந்தனைகள் ஒவ்வொன்றும் சோதிக்கப்பட்டிருக்க வேண்டும், பயனர்கள் உண்மையில் பயன்படுத்தும் புரொடக்‌ஷனில் கோளாறு வந்தால் கண்டுபிடிக்கத் தேவையான லாக் (நடந்தவற்றின் பதிவு) எழுதப்பட்டிருக்க வேண்டும். இது எல்லா ஸ்டோரிக்கும் பொது. ஏற்பு நிபந்தனை அந்தந்த ஸ்டோரிக்கு உரியது. "30 நிமிடத்தில் காலாவதியாகும்" என்பது மேலே சொன்ன இரண்டாம் துண்டுக்கு மட்டுமே. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளும் அணிகள் நிறைய.

டெஃபினிஷன் ஆஃப் டன் நிறைவேறாத வேலையை வெளியிடவும் கூடாது, ஸ்ப்ரிண்ட் ரிவ்யூவில் காட்டவும் கூடாது. அது புராடக்ட் பேக்லாகுக்குத் திரும்புகிறது. தானாக அடுத்த ஸ்ப்ரிண்டுக்கு நகர்வதில்லை. அங்கே அதன் முன்னுரிமையை மறுபடி பார்க்க வேண்டும். "கோடிங் முடிந்துவிட்டது, 8 பாயிண்டில் 5-ஐ இந்த ஸ்ப்ரிண்டில் சேர்ப்போம்" என்று பிரித்துக் கொடுக்காதீர்கள். அப்படிக் கொடுத்தால் வெலாசிட்டி உண்மையைவிட அதிகமாகத் தெரியும், அதை நம்பி அடுத்த ஸ்ப்ரிண்டில் மறுபடி அதிகம் எடுப்பீர்கள், மறுபடி தள்ளிப்போகும். உங்கள் அணியில் பாதி தள்ளிப்போவது நிற்காமல் தொடர இதுவும் ஒரு காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ரெக்ரஷன் டெஸ்டிங் (புதிய மாற்றத்தால் பழைய வசதிகள் கெட்டுவிடவில்லையா என்று சோதிப்பது) முழுக்கக் கையால் நடக்கிறதா என்றும் பாருங்கள். பத்து நாள் ஸ்ப்ரிண்டில் அதற்கு மூன்று நாள் போனால் 30 சதவீதம் அங்கேயே கரைகிறது. வசதிகள் கூடக்கூட அது நான்கு நாள், ஐந்து நாள் என்று வளரும். தானியங்கி டெஸ்ட், தினமும் பலமுறை மெர்ஜ், ஜோடியாகக் கோட் எழுதுவது போன்ற நுட்பங்களைப் பற்றி ஸ்க்ரம் எதுவும் சொல்வதில்லை. எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் சொல்கிறது. ஸ்க்ரமை எடுத்து அந்த நுட்பங்களை விட்ட அணி சில மாதங்களில் மூச்சு வாங்கத் தொடங்கும்.

எவ்வளவு எடுப்பது

ஸ்ப்ரிண்ட் பிளானிங்கில் மூன்று கேள்விகள்: இந்த ஸ்ப்ரிண்ட் ஏன் பயனுள்ளது, எதை முடிக்க முடியும், எப்படிச் செய்யப்போகிறோம். ஒரு மாத ஸ்ப்ரிண்டுக்கு உச்சவரம்பு 8 மணி நேரம். இரண்டு வாரத்துக்குப் பாதியாகக் கொள்வது வழக்கம். அந்த "ஏன்" என்பதற்கான பதில்தான் ஸ்ப்ரிண்ட் கோல். "ஜிராவில் உள்ள 12 ஸ்டோரியை முடிப்பது" கோல் ஆகாது. "கடவுச்சொல் மறந்தவர் உதவி மையத்தை அழைக்காமல் தானே மீண்டும் உள்ளே வர முடியும்" என்பது கோல். நடுவில் சிக்கல் வந்தால் எந்தக் கார்டை விடலாம், எதை விடக்கூடாது என்று முடிவெடுக்க அது உதவும். ஸ்ப்ரிண்ட் நடுவே வேலையின் அளவை புராடக்ட் ஓனரோடு பேசிக் கூட்டலாம், குறைக்கலாம். கோலுக்கு ஆபத்து வரும் மாற்றம்தான் கூடாது. கோலே பொருளற்றுப் போனால் ஸ்ப்ரிண்டை ரத்து செய்யலாம். அந்த அதிகாரம் புராடக்ட் ஓனருக்கு மட்டும்.

அளவுக்கு, கடந்த மூன்று ஸ்ப்ரிண்டில் உண்மையில் முடிந்ததை எடுங்கள். 18, 23, 19 என்றால் சராசரி 20. ஐந்து டெவலப்பர், ஒரு டெஸ்டர், பத்து நாள் என்றால் 60 ஆள்நாள். இந்த முறை இருவர் மூன்று மூன்று நாள் விடுப்பு என்றால் 54, அதாவது பத்தில் ஒன்பது பங்கு. 20-க்குப் பதில் 18 எடுங்கள். கூட்டங்கள், புரொடக்‌ஷன் கோளாறுகள், ரிவ்யூ எல்லாவற்றுக்கும் போன நேரம் பழைய எண்ணிலேயே அடங்கியிருப்பதால் தனியாகக் கழிக்க வேண்டாம். ஆனால் விடுப்பில் போவது அந்த ஒரே டெஸ்டர் என்றால் பத்தில் ஒன்பது என்ற கணக்கு செல்லாது. அடைப்பு எங்கேயோ, அந்த இடத்தின் திறன்தான் அணியின் திறன்.

2011-இல் வழிகாட்டி ஒரு முக்கியமான சொல்லை மாற்றியது: ஸ்ப்ரிண்டில் எடுக்கும் வேலையை "உறுதிமொழி" என்பதிலிருந்து "முன்கணிப்பு" என்றாக்கியது. பல மேலாளர்கள் இன்னும் பழைய சொல்லோடுதான் இருக்கிறார்கள். வெலாசிட்டியை இலக்காக நிர்ணயிப்பது, இரண்டு அணிகளின் பாயிண்டை ஒப்பிடுவது இரண்டையும் உறுதியாக மறுத்துவிடுங்கள். இலக்கு வைத்த மறுமாதமே 3 பாயிண்ட் ஸ்டோரிகள் 5 ஆகும். எண் ஏறும், வெளியே வரும் மென்பொருள் அதே அளவில் இருக்கும், முன்கணிக்க உங்களிடம் இருந்த ஒரே கருவியும் கெட்டுப்போகும்.

கூட்டங்கள், பொறுப்புகள்

டெய்லி ஸ்க்ரம் (நீங்கள் ஸ்டாண்டப் என்பது) 15 நிமிடம், டெவலப்பர்களுக்கு உரியது. நேற்று என்ன, இன்று என்ன, தடை என்ன என்ற மூன்று கேள்விகள் 2020 பதிப்பில் எடுக்கப்பட்டுவிட்டன. ஆளாளாகச் சுற்றி வருவதைவிட, போர்டின் வலது ஓரத்திலிருந்து, முடியப்போகும் கார்டிலிருந்து தொடங்கி இடப்பக்கம் வாருங்கள்: "இதை இன்றே முடிக்க என்ன வேண்டும்? யார் கைகொடுப்பது?" மேலாளரைப் பார்த்து ஒப்பிக்கும் கூட்டமாக மாறினால் தடைகள் வெளியே வராது, எல்லோரும் "போய்க்கொண்டிருக்கிறது" என்றுதான் சொல்வார்கள்.

ஸ்ப்ரிண்ட் ரிவ்யூவில் டெமோ ஒரு பகுதிதான். பயன்படுத்தப்போகிறவர்களோ அவர்கள் சார்பில் பேசக்கூடியவர்களோ வந்து, பார்த்து, அதன் விளைவாக பேக்லாக் மாற வேண்டும். தொடர்ந்து மூன்று ரிவ்யூவில் பேக்லாகில் ஒரு வரிகூட மாறவில்லை என்றால் சரியான ஆட்கள் வரவில்லை.

ரெட்ரோவில் 15 குறைகளை எழுதிச் சுவரில் ஒட்டுவதால் பயனில்லை. ஒன்றைத் தேர்ந்தெடுத்து, யார், எப்போதுக்குள் என்று எழுதி, அடுத்த ஸ்ப்ரிண்ட் பேக்லாகிலேயே ஒரு கார்டாகப் போடுங்கள். அடுத்த ரெட்ரோ அந்தக் கார்டிலிருந்து தொடங்கட்டும்.

பொறுப்புகளில் அதிகம் சறுக்குவது புராடக்ட் ஓனர் இடத்தில்தான். அவர் ஒரே ஒருவராக இருக்க வேண்டும், குழுவாக அல்ல. முன்னுரிமையை முடிவு செய்யும் அதிகாரமும் அவரிடம் இருக்க வேண்டும். "கேட்டுச் சொல்கிறேன்" என்று ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு நாள் போனால், மூன்று நாள் ஸ்டோரி ஐந்து நாளாகும். ஸ்க்ரம் மாஸ்டர் கூட்டம் கூட்டுபவரோ வேலை பங்கிட்டுத் தருபவரோ இல்லை. அணியால் தாமாக அகற்ற முடியாத தடைகளை அகற்ற வழி செய்வது அவர் பொறுப்பு. ஸ்டேஜிங் சர்வர் வாரம் இருமுறை படுத்துவிடுகிறது என்றால், அதற்குப் பொறுப்பான குழுவோடு பேசித் தீர்வு காண வைப்பதுதான் அவருடைய அந்த வார வேலை.

கன்பானுக்கே மாறிவிடலாமா?

திட்டமிடாமல் வந்து விழும் வேலை எவ்வளவு என்பதைப் பொறுத்தது. மூன்று ஸ்ப்ரிண்டுக்கு அப்படி வரும் கார்டுகளுக்கு மட்டும் வேறு நிறம் கொடுங்கள். மொத்த நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்றால் ஸ்க்ரமே தாங்கும்: ஒருவரைச் சுழற்சி முறையில் அந்த வேலைக்கு நிறுத்துங்கள், மற்றவர்களை யாரும் தொடக்கூடாது. பாதியைத் தாண்டினால் ஸ்ப்ரிண்ட் பிளானிங் வெறும் ஊகம்தான், கன்பான் பொருத்தம். புரொடக்‌ஷன் கோளாறுகளைக் கவனிக்கும் அணிகள் பெரும்பாலும் இந்த வகை. ஆனால் இப்போதைய தள்ளிப்போதலிலிருந்து தப்பிக்க மட்டும் மாறாதீர்கள். ஸ்ப்ரிண்ட் எல்லை மறைந்தால் தள்ளிப்போவது கண்ணில் படாது, தாமதம் அப்படியே இருக்கும்.

அடுத்த ஸ்ப்ரிண்டைப் பொறுத்தவரை: பாதியில் நிற்கும் ஸ்டோரிகளில் இன்னும் தேவைப்படுபவற்றை மட்டும் எடுங்கள், அவை முடியும்வரை புதிதாக எதையும் திறக்காதீர்கள். அந்த ஸ்ப்ரிண்டில் புதிய வேலை குறையும் என்பதை புராடக்ட் ஓனரிடம் முன்கூட்டியே, எண்ணோடு சொல்லிவிடுங்கள். இரண்டாம் ஸ்ப்ரிண்டில் வரம்புகளும் சிறிய ஸ்டோரிகளும். ஒவ்வொரு கார்டிலும் தொடங்கிய தேதி, முடிந்த தேதி இரண்டையும் குறித்து வாருங்கள். மூன்றாம் ஸ்ப்ரிண்ட் ரெட்ரோவுக்கு அந்தத் தேதிகளின் இடைவெளியை வரிசைப்படுத்தி எடுத்துவந்து, ஐந்து நாளைத் தாண்டிய கார்டுகளை மட்டும் ஒவ்வொன்றாகத் திறந்து, அது போர்டின் எந்தக் கட்டத்தில் எத்தனை நாள் காத்திருந்தது என்று பாருங்கள்.